முகத்துக்காகக் கொடுத்த பணம்

தாராபுரத்தில் இருக்கும் என் சித்தி தையல் வேலை செய்கிறவர். ரவிக்கைக்கு ஊக்கு வைப்பது, சுடிதாரைப் பிடித்துத் தைப்பது, சேலைக்கு ஓரம் அடிப்பது என்று ஒரு நாளைக்கு நூறும் இருநூறுமாகக் கைக்கு வரும். நான்கு வருடங்களுக்கு முன் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் ஒரு செய்தி போட்டேன். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் ஏழைக் குழந்தைகளுக்காக டிசம்பரில் 10 கிலோமீட்டர் ஓடப் போகிறேன், உங்களால் முடிந்ததைக் கொடுங்கள் என்று. அரை மணி நேரத்தில் பெரியம்மா வீட்டு அண்ணன் 5,000 ரூபாய் போட்டுவிட்டு, பணம் போனதைக் காட்டும் திரையைப் படம் எடுத்துக் குழுவிலும் போட்டார். நான் நன்றி சொல்லி, பெயரும் தொகையுமாக ஒரு பட்டியலைத் தொடங்கினேன். மாமா 2,000. திருப்பூர் அத்தை 1,000. ஒரு பெயர் சேரும்போதெல்லாம் பட்டியலை மறுபடியும் போட்டேன். இரண்டாம் நாள் இரவு சித்தியிடமிருந்து 500 ரூபாய் வந்தது.

பொங்கலுக்குப் போனபோதுதான் தெரிந்தது, அது சிலிண்டருக்கென்று எடுத்து வைத்திருந்த பணம். பத்து நாள் வாசலில் மூன்று கல்லைக் கூட்டி விறகில் சமைத்திருக்கிறார். தங்கை வாய் தவறிச் சொல்லிவிட்டாள். நான் கேட்டதற்குச் சித்தி, "எல்லாரும் போட்டிருந்தாங்க கண்ணு. எம்பேரு மட்டும் இல்லாம இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றார். குரலில் வருத்தமே இல்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

சித்திக்கு நேர்ந்ததற்கு நம் மொழியில் ஒரு சொல் இருக்கிறது: முகதாட்சண்யம். எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்த பிறகு இல்லை என்று சொல்ல முடியாமல் போவது. உறவினரிடமும் நண்பரிடமும் நல்ல காரியத்துக்குப் பணம் கேட்கிற ஒவ்வொருவரும் இந்த முகதாட்சண்யத்தை முதலாக வைத்துத்தான் கேட்கிறோம். கொடுப்பவருக்கு அந்த அறக்கட்டளை எங்கே இருக்கிறது, யார் நடத்துகிறார்கள் என்று பெரும்பாலும் தெரியாது. நம்மைத் தெரியும். நமக்காகக் கொடுக்கிறார். சித்தியின் ஐந்நூறு எந்தக் குழந்தைக்கும் கொடுத்ததல்ல, எனக்குக் கொடுத்தது. அதைக் குழந்தைக்குக் கொடுத்ததாக மாற்ற வேண்டிய வேலை என்னுடையது. அந்த வேலையை நான் அன்று செய்யவில்லை. நம்மில் பலரும் செய்வதில்லை.

கேட்பதே தவறு என்று சொல்ல வரவில்லை. கேட்காமல் நம் ஊரில் எதுவுமே எழும்பியதில்லை. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். புற்றுநோய்க்கென்று தனியாக ஒரு மருத்துவமனை வேண்டும் என்று அவர் சொன்னபோது ஆதரவைவிடத் தயக்கமே அதிகம் இருந்தது. இந்திய மாதர் சங்கத்தின் புற்றுநோய் நிவாரண நிதி என்று ஒன்றைத் தொடங்கி, தெரிந்தவர்களிடமும் தெரியாதவர்களிடமும் கேட்டுத்தான் அவர் மருத்துவமனையை எழுப்பினார். 1952-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-இல் மருத்துவமனை திறந்தபோது அங்கே இருந்தவை 12 படுக்கைகள். அடுத்த ஆண்டு சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-இல் காலமாகும்வரை அந்த வளாகத்தைவிட்டுப் போகவில்லை. அன்று கேட்கக் கூச்சப்பட்டிருந்தால் அந்த 12 படுக்கையும் வந்திருக்காது.

கேட்கும் முறை நமக்குப் புதிதும் அல்ல. புரட்டாசிச் சனிக்கிழமை காலையில் நெற்றியில் நாமம் இட்டு, கையில் செம்போடு, "கோவிந்தா" என்று வாசலில் வந்து நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். வசதியான வீட்டுக்காரர்களும் வருவார்கள். மில் வைத்திருப்பவர் தன் பிள்ளைக்கு நாமம் இட்டுக் கூட்டி வந்து பக்கத்து வீட்டு வாசலில் நிறுத்துவார். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோது வேண்டிக்கொண்ட மடிப்பிச்சை அது. திருப்பதிக்குத் தன் கைப்பணத்திலேயே போய்வர அவரால் முடியும். ஆனால் வேண்டுதலின் விதி, கேட்டுத்தான் வாங்க வேண்டும். நாலு பேர் வாசலில் நின்று கை நீட்டினால்தான் அது கணக்கு.

என் அம்மா அந்தச் செம்பில் ஒரு பிடி அரிசி போடுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். மாதக் கடைசியாக இருந்தால் பிடி சற்றுச் சிறுத்துவிடும். செம்புக்குள் விழுந்த பிறகு எது யார் அரிசி என்று யாருக்கும் தெரியாது. எதிர்வீட்டில் எவ்வளவு போட்டார்கள் என்று யாரும் கேட்டதில்லை. ஒன்றும் போட இயலாத வீட்டில் "போயிட்டு வாங்க சாமி" என்றால், அதையும் கும்பிட்டு வாங்கிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போவார்கள். இத்தனை நாசூக்கை வழிவழியாகப் பழக்கி வைத்திருந்த ஊரில்தான் நான் பெயரும் தொகையுமாகப் பட்டியல் போட்டேன்.

ஓட்டத்தோடு நிதி திரட்டலைச் சேர்த்து உலகத்துக்குக் காட்டியவர்களில் முக்கியமானவர் கனடாவின் டெர்ரி ஃபாக்ஸ். எலும்புப் புற்றுநோயால் பதினெட்டு வயதில் வலது கால் போனது. செயற்கைக் காலோடு 1980 ஏப்ரல் 12 அன்று கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து ஓடத் தொடங்கினார். ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மாரத்தான் தூரம். 143 நாளில் 5,373 கிலோமீட்டர். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் செப்டம்பர் 1 அன்று நிறுத்த வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு ஜூன் மாதம், 22 வயதில் இறந்துபோனார்.

அவர் ஓடிய தூரத்தைவிட அவர் கேட்ட தொகையைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். கனடாவில் உள்ள ஒவ்வொருவரும் ஒரு டாலர் கொடுத்தால் போதும் என்றார். அப்போது அங்கே மக்கள்தொகை சுமார் 2 கோடியே 40 லட்சம். 1981 பிப்ரவரிக்குள் அந்தத் தொகை சேர்ந்துவிட்டது. ஒரு டாலர் என்று சொல்லிவிட்டதால், கொடுக்க முடியாதவன் என்று யாரும் தலைகுனிய வேண்டியிருக்கவில்லை. அவர் பெயரில் பல நாடுகளில் நடக்கும் ஓட்டங்களில் இன்றும் போட்டி கிடையாது, பரிசு கிடையாது. சென்னை ஐஐடி வளாகத்திலும் அந்த ஓட்டம் நடந்திருக்கிறது.

இன்று நம் ஊர்களில் ஓட்டங்களுக்குக் குறைவில்லை. மும்பையில் 2004-இல் தொடங்கிய மாரத்தான் பல தொண்டு நிறுவனங்களுக்கு நிதி சேர்க்கும் பெரிய வழியாகிவிட்டது. கோவையில் 2013 முதல் நடக்கும் மாரத்தான் கோயம்புத்தூர் கேன்சர் ஃபவுண்டேஷனுக்காக நடக்கிறது. ஓட வருகிறவர்களில் ஒரு பகுதியினர் தங்கள் வட்டத்தில் பணமும் திரட்டுகிறார்கள். ஓடுவதற்குப் பதிலாகச் சைக்கிள், மலையேற்றம், நாடகம், கச்சேரி எதுவாகவும் இருக்கலாம்.

இப்படிக் கேட்கப் போகும்போது பெரியவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. என் பெரியப்பா முகத்துக்கு நேராகவே கேட்டார்: "ஓடறது நீ. உடம்புக்கு நல்லது உனக்கு. பணம் மட்டும் எதுக்கு நான் தரோணும்?" பலர் இதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டு சிரித்து மழுப்புகிறார்கள். இது நியாயமான கேள்வி. நிகழ்ச்சிக்குக் கட்டும் நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் பனியனுக்கும் பதக்கத்துக்கும் தண்ணீருக்கும் சாலை ஏற்பாட்டுக்கும் போய்விடும். அதைக் கட்டியதாலேயே நாம் தர்மம் செய்துவிட்டதாக ஆகாது. அந்தச் செலவு என்னுடையது, என் பையிலிருந்து போக வேண்டும். சேர்க்கும் நிதியில் முதல் வரியும் என்னுடையதாக இருக்க வேண்டும். பெரியப்பாவிடம் இதைச் சொல்லி, நான் எவ்வளவு போட்டிருக்கிறேன் என்பதையும் சொன்னேன். ஓட்டம் எதற்கு என்று அவர் விடவில்லை. மடிப்பிச்சைக்கு எதற்குப் பெரியப்பா தெருத்தெருவாக நடக்கிறோம், உண்டியலில் நேராகப் போட்டுவிடலாமே என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு உள்ளே போய்ப் பர்ஸை எடுத்து வந்தார்.

சரி, வாங்கியாயிற்று. அதற்குப் பிறகு?

கல்யாண வீட்டில் மொய் எழுதும் மேசையை நினைத்துப் பாருங்கள். ஒருவர் பணத்தை வாங்கி எண்ணுவார், இன்னொருவர் நீள நோட்டில் ஊர், பெயர், தொகை என்று எழுதுவார். இரவு பந்தல் பிரிக்கும் முன் கூட்டிப் பார்ப்பார்கள். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து என்று தனியாகவே நடத்துகிறார்கள். கறிச்சாப்பாடு போட்டு மொய் வாங்கி, அந்தப் பணத்தில் தொழில் தொடங்குவார்கள், நிலம் வாங்குவார்கள். அடுத்தவர் விருந்து வரும்போது வாங்கியதற்கு மேல் கூடுதலாகத் திருப்பிச் செய்வார்கள். அந்த மொய் நோட்டைப் பத்திரம் மாதிரிப் பீரோவில் வைத்திருப்பார்கள். நோட்டு தொலைந்தால் மானம் போயிற்று.

திரும்பி வரப்போகிற பணத்துக்கு இவ்வளவு கணக்கு வைக்கிறோம். திரும்பியே வராத பணத்துக்கு? நன்கொடை கொடுத்தவருக்கு அவர் பணம் ஒருநாளும் திரும்பப் போவதில்லை. அவருக்குத் திரும்பி வரக்கூடியது ஒன்றே ஒன்றுதான், அது என்ன ஆயிற்று என்ற செய்தி. அதையும் நாம் தருவதில்லை. ஓடி முடித்துப் பதக்கத்தோடு படம் போட்டு, கைகூப்பும் பொம்மை ஒன்றைச் சேர்த்து, "எல்லோருக்கும் நன்றி" என்பதோடு முடித்துக்கொள்கிறோம். அடுத்த வருடம் மறுபடி கேட்கிறோம். மூன்றாம் வருடம் ஃபோனை எடுக்க மாட்டேன் என்கிறார்கள் என்று குறைப்படுகிறோம்.

இதில் பெரியவர்களுக்கே தவறு நேர்ந்திருக்கிறது. வ.உ.சி. 1912 டிசம்பரில் சிறையிலிருந்து வெளியே வந்தபோது கப்பல் கம்பெனி போயிருந்தது, வக்கீல் சன்னது போயிருந்தது, சென்னையில் குடும்பத்தோடு வறுமையில் இருந்தார். தென்னாப்பிரிக்காவில் இருந்த தமிழர்கள் அவருக்காகப் பணம் சேர்த்தார்கள். அவர்களில் கூலித் தொழிலாளர்களும் இருந்திருப்பார்கள். வ.உ.சி.யை நேரில் பார்த்தேயிராதவர்கள். அந்தப் பணம் அங்கிருந்த காந்தியின் கையில் சேர்ந்தது. 1915-இல் காந்தி சென்னைக்கு வந்தபோது இந்தப் பேச்சு எழுந்தது. பணம் வந்ததா, யார் கொடுத்தது, எவ்வளவு என்று மாதக் கணக்கில் கடிதங்கள் போய் வந்தன. கேட்க வேண்டியிருந்ததே வ.உ.சி.க்கு எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும்! கடைசியில் 1916 தொடக்கத்தில் பணம் வந்து சேர்ந்தது. 347 ரூபாய் 12 அணா. வரலாற்றாசிரியர் ஆ.இரா. வேங்கடாசலபதி அந்தக் கடிதங்களைத் தேடி எடுத்து ஒரு நூலே எழுதியிருக்கிறார். நூலின் தலைப்பிலேயே அந்தத் தொகையைப் போட்டிருக்கிறார்.

காந்தியின் நேர்மையில் எனக்குச் சந்தேகமே இல்லை. பொதுப்பணத்தில் காலணாவுக்கும் கணக்கு வைக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவர் அவர். அப்படிப்பட்டவர் கையிலேயே, கொடுத்தவர் பெயரும் தொகையும் பக்கத்தில் இல்லாமல்போனதால், பட்டினி கிடந்த ஒரு வீட்டுக்குப் பணம் போய்ச் சேரத் தாமதமாயிற்று. டர்பனிலோ ஜோகன்னஸ்பர்க்கிலோ தன் கூலியில் ஒரு ஷில்லிங் எடுத்துக் கொடுத்த ஆளுக்கு, அது வ.உ.சி. வீட்டு அடுப்புக்குப் போயிற்றா என்று யாராவது சொல்லியிருப்பார்களா? அந்த ஆளைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். எங்கள் சித்தி மாதிரி ஒருவராக இருந்திருப்பார்.

நம் காலத்துக்கு வந்தால், கணக்கு என்பது நல்லெண்ணத்தோடு நிற்பதில்லை. பலர் உறவினர் பணத்தை எல்லாம் தங்கள் ஜிபே எண்ணுக்கே வாங்கி, மொத்தமாக அறக்கட்டளைக்கு அனுப்புகிறார்கள். அப்படிச் செய்தால் ரசீது உங்கள் பெயரில் வரும். கொடுத்த மாமாவுக்கு வருமான வரிச் சலுகைக்கான ரசீது கிடைக்காது. அவர் பணத்துக்கு நீங்கள் வரிச்சலுகை வாங்கியதாகவும் ஆகிவிடும். முடிந்தவரை அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்கே நேராகப் போடச் சொல்லுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய்க்கு மேல் சலுகை இல்லை, புதிய வரிமுறைக்கு மாறியவருக்கு அந்தச் சலுகையே இல்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வரிவிலக்கு உண்டு என்று அரைகுறையாகச் சொல்லிப் பணம் வாங்குவது நன்றாக இருக்காது.

அமெரிக்காவில் இருக்கும் மச்சானிடம் கேட்கும்போது இன்னும் கவனம் வேண்டும். அவர் இந்தியக் குடியுரிமையோடு அங்கே வேலை பார்ப்பவர் என்றால், தன் சம்பாத்தியத்தை வங்கி வழியே அனுப்பலாம். அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், ஓசிஐ அட்டை கையில் இருந்தாலும் சட்டத்தின் பார்வையில் அது வெளிநாட்டுப் பணம். வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏவின் கீழ் பதிவோ முன் அனுமதியோ உள்ள அமைப்பு மட்டுமே அதை வாங்க முடியும், அதுவும் டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளையின் கணக்கு வழியாகத்தான் வர வேண்டும். இது தெரியாமல் மச்சானிடம் உங்கள் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்லி, அதை அப்படியே ஒரு சிறிய அறக்கட்டளைக்கு மாற்றிவிட்டால், நாளை விசாரணை வரும்போது சிக்கிக்கொள்வது அந்த அறக்கட்டளை.

கேட்கவே கூடாத இடங்களும் உண்டு. மேலதிகாரி தன் கீழே வேலை பார்ப்பவர்களிடம் கேட்கக் கூடாது. எவ்வளவு நல்ல காரியமாக இருந்தாலும் கூடாது. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் துறைத் தலைவர் இப்படி ஒரு முறை குழுவில் கேட்டார். தங்கமான மனிதர். அன்று மாலைக்குள் எல்லோரும் கொடுத்துவிட்டார்கள், வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத பையன் உட்பட. அவன் பக்கத்து இருக்கைக்காரரிடம் கைமாற்று வாங்கிக் கொடுத்தான். வருடாந்திர மதிப்பெண் போடும் கை நீட்டும்போது அதில் பணம் வைக்காமல் யாரால் இருக்க முடியும்?

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கையில் நன்கொடை அட்டை கொடுத்து அனுப்புவதும் அப்படித்தான். கொடிநாள் வேறு மாதிரி. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 7 அன்று, 1949 முதல் நடந்துவருகிறது. முப்படை வீரர்களின் குடும்பங்களுக்கான நிதி. நான் படித்தபோது ஆசிரியர் கொடி கொடுப்பார், நாங்கள் காசு கொண்டுபோய்க் கொடுத்து வாங்கிச் சட்டையில் குத்திக்கொள்வோம். எல்லோருக்கும் ஒரே விலை, ஒரே கொடி. யார் அதிகம் சேர்த்தது என்று பரிசு வைத்து அட்டை கொடுக்கும்போதுதான் பிள்ளைக்குத் தன் வீட்டு ஏழ்மை வகுப்பு முன்னால் தெரிகிறது.

இந்த நான்கு வருடத்தில் என் பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். குழுவில் கேட்பதில்லை. ஒவ்வொருவராக ஃபோனில் கூப்பிடுகிறேன், பக்கத்தில் இருப்பவர்களை நேரில் பார்க்கிறேன். யாருக்கு வீட்டில் நோய், யார் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார்கள் என்று யோசித்து, அவர்களை அந்த வருடம் விட்டுவிடுகிறேன். "இந்தத் தடவை முடியாதுப்பா" என்று ஒருவர் சொன்னால் அதற்குமேல் ஒரு வார்த்தையும் அதைப் பற்றிப் பேசாமல், ஊர்க்கதை பேசிவிட்டுத்தான் ஃபோனை வைக்கிறேன். இல்லாவிட்டால் பணத்துக்காக மட்டுமே கூப்பிட்டதாக ஆகிவிடும். யார் எவ்வளவு என்பது என் நோட்டுக்கும் அறக்கட்டளைக்கும் மட்டும் தெரியும். ஓட்டம் முடிந்து மூன்றாம் மாதம் அறக்கட்டளைக்குப் போய், பணம் எதற்குச் செலவாயிற்று என்று எழுதி வாங்குகிறேன். வெளியூரிலிருந்து வரும் குழந்தைகள் சிகிச்சை நாட்களில் தங்கும் செலவுக்கும், மருந்துக்கும், ரத்தப் பரிசோதனைக்கும் எவ்வளவு எவ்வளவு என்று. அதை ஒரு தாளில் அச்சடித்து, தொகை பெரிதானாலும் சிறிதானாலும் எல்லோருக்கும் அனுப்புகிறேன். தாளில் பெயர் இருக்காது, வரிசை எண் இருக்கும். அவரவர் எண் அவரவருக்குத் தெரியும். இதனால் சேரும் தொகை குறைந்துவிட்டது, உண்மைதான். முதல் வருடம் பட்டியல் போட்டுச் சேர்த்ததில் பாதியைத்தான் அடுத்த வருடம் தொட முடிந்தது. அந்தக் குறைவு யாருடைய சிலிண்டர் பணம் என்று எனக்குத் தெரிவதால் அதற்காக நான் வருந்துவதில்லை.

சித்தியிடம் நான் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. ஆனால் முதல் வருடக் கணக்கை, தாமதமாகத்தான் என்றாலும், எழுதி எடுத்துக்கொண்டு நேரில் போனேன். தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். தங்கும் செலவு என்ற வரியில் நின்று, "புள்ளைங்களோட அம்மாளுமா அங்கயே இருக்காங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "சமைச்சுக்கறதுக்கு இடம் இருக்குதா?" இருக்கிறது என்றேன். "இதுல என்னோடது எது?" என்றார். 23 என்ற எண்ணைக் காட்டினேன். விரலை அதன்மேல் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

போன மாதம் அவரே ஃபோன் செய்தார். "இந்த வருசம் ஓடலையா? எங்கிட்டக் கேக்கவே இல்லையே?" என்றார். நான் தயங்கினேன். "ஐம்பது ரூவா எழுதிக்க கண்ணு. அதுதான் இருக்குது" என்றார். நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன்.